எட்டு சைக்கிளும் ஒரு பொங்கல்படியும்

"எவ்வளவு மிதிச்சாலும் நகராத சைக்கிளுக்குப் பைசா கொடுத்து வாறாளுகளே, இவளுகளை என்ன சொல்ல?" என்பார் என் வீட்டுக்காரர். ஒரு நாளாவது மாடிப்படி ஏறி வந்து பார்த்ததுண்டா? கிடையாது. கிண்டலுக்கு மட்டும் குறைவில்லை. "இன்னைக்கு உங்க சைக்கிள் எதுவரைக்கும் போச்சு? கிழக்கேகோட்டை தாண்டிச்சா?" என்று கேட்டுவிட்டுத் தோசையைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். பெயர் நெல்லையப்பன். அரசு ஆபீஸ் ஒன்றில் சீனியர் கிளார்க். பிறந்து வளர்ந்ததெல்லாம் திருவனந்தபுரம்தான், ஆனால் நாக்கு அவர் தாத்தாவோடு நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த நாக்கு.

நான் நீலாம்பாள். ஸ்ரீவராகம் கோவில் குளத்துக்குப் பின்தெருவில் ஒரு வீட்டு மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்து, எட்டு சைக்கிள் போட்டு, பெண்களுக்கு மட்டும் ஸ்பின்னிங் கிளாஸ் நடத்தினேன். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள். பாட்டுப் போட்டு, பாட்டின் வேகத்துக்கு மிதிக்க வேண்டும். போர்டு மாட்டிய அன்று எதிர்வீட்டு மாமி, "நூல் மில்லா?" என்று கேட்டாள். அவளே அடுத்த வாரம் முட்டிவலியோடு வந்து சேர்ந்தாள்.

வந்தவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் சைக்கிள் ஏறாதவர்கள். ஜெயஷீலா டீச்சர் ரிட்டயர் ஆனவர். முதல் நாள் பெடலில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்து நான் தண்ணீரோடு ஓடினேன். "ஒண்ணுமில்ல நீலா. சின்னதுல அண்ணன் சைக்கிளைத் தொட்டதுக்கு அப்பா பெல்ட்டால அடிச்சார். அது ஞாபகம் வந்திருச்சு" என்றார். அதற்குப் பிறகு அவரை சைக்கிளிலிருந்து இறக்குவதுதான் கஷ்டம்.

எனக்கும் அந்த ஹால் அப்படித்தான். பல வருஷம் ஒரு தனியார் லேபில் கணக்கு எழுதினேன். ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள், கேள்வி கேட்க ஆள் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் கொச்சிக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, 'நீலா ஸ்பின்' என்று என் பெயரில் ஒரு போர்டு மாட்டினேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயர் பெரிய எழுத்தில் அச்சானது அப்போதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும், அதில் எனக்கு வெட்கமில்லை.

சைக்கிள்கள்தான் என்னுடையவை அல்ல. பட்டம் ஜங்ஷனில் ஜிம் நடத்தி மூடிய சுதீஷ் மாச வாடகைக்குக் கொடுத்தவை. மார்கழி பிறந்ததும் அவன் போன் செய்தான்.

"சேச்சி, எனக்கு விசா வந்நு. கல்லாறுல ஒரு ரிசார்ட்டுக்காரங்க எட்டையும் மொத்தமா கேக்குறாங்க. மூணு லட்சம். முதல்ல சேச்சிகிட்ட கேக்கணும்னு தோணிச்சு. பொங்கல் வரைக்கும் நிப்பேன், அதுக்கு மேல முடியாது கேட்டோ."

புதிது வாங்கினால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். இதை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. மறுநாளே பேங்குக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர், நாற்காலி கொடுத்தார், கடன் கொடுக்கவில்லை. சிறுதொழில் கடன் புதுச் சாமானுக்குத்தானாம், டீலரின் கொட்டேஷன் வேண்டுமாம், பழைய சைக்கிளுக்கு அவர்கள் சட்டத்தில் இடமில்லையாம். நகையை வைக்கலாம் என்றால் அது மகளின் நர்சிங் படிப்புக்காக ஏற்கெனவே பணயத்தில் இருக்கிறது. ஜெயஷீலா டீச்சரின் துபாய் மகன் பணம் போடத் தயாராக இருந்தான். நூற்றுக்கு அறுபது பங்கு அவனுக்கு, கூடவே போர்டையும் மாற்ற வேண்டும். "அம்மா பேரைப் போடணும்கிறான், எனக்கே கூச்சமா இருக்கு" என்றார் டீச்சர். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து கோபத்தில் ஒரு மணிநேரம் பாத்திரம் தேய்த்தேன்.

மிச்சம் இருந்தது சிட்டி, அதாவது ஏலச்சீட்டு. நம்மூரில் சிட்டி சேராத வீடு கிடையாது. எல்லோரும் மாசத் தவணை கட்டுவார்கள். அவசரக்காரர் தள்ளுபடி சொல்லி அந்த மாச மொத்தத்தை ஏலத்தில் எடுப்பார். எடுத்தவர் மீதித் தவணையைக் கட்டாமல் கம்பி நீட்டிவிடக் கூடாது அல்லவா, அதற்கு ஜாமீன் வேண்டும். ஜாமீன் என்றால் அரசு உத்தியோகஸ்தரின் சம்பள சர்ட்டிபிகேட். செக்ரட்டேரியட் இருக்கிற இந்த ஊரில் அந்தக் காகிதத்துக்கு இருக்கும் மதிப்பு தங்கத்துக்குக்கூடக் கிடையாது. மாப்பிள்ளை கவர்மெண்ட் என்றதும் பெண் வீட்டார் படுகிற சந்தோஷத்தில் பாதி, குடும்பத்துக்கு ஒரு ஜாமீன் ஆள் கிடைத்தார் என்பதுதான்.

நான் சேர்ந்திருந்த சிட்டியை அந்த மாசம் ஆழத் தள்ளி ஏலத்தில் எடுத்தேன். தள்ளுபடி போனாலும் சைக்கிளுக்குப் போதும். சுதீஷுக்குப் போன் போட்டு, "சைக்கிள் எனக்குத்தான், வேற யார்கிட்டயும் பேசாதே" என்றேன். அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சம்பள சர்ட்டிபிகேட் கேட்டேன்.

சோறு பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. பிறகு வழக்கமான சிரிப்பு. "நகராத சைக்கிளுக்கு நான் ஜாமீனா? நல்ல கதை."

"கிண்டல் பிறகு பண்ணுங்க. எப்போ தருவீங்க?"

"ஆபீஸ்ல ஆடிட் நடக்கு. இப்போ கிடைக்காது."

"ஆடிட்டுக்கும் உங்க சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "ஹால் அட்வான்ஸ் ஒரு லட்சம் யாரு போட்டா? என் தம்பி போட்டான். உங்க பையிலிருந்து ஒரு ரூபா வந்ததா? கட்டின பெண்டாட்டிக்கு ஒரு காகிதம் வாங்கித் தர உங்களுக்குக் கை வரலை." அவர் குழாயைத் திறந்துவிட்டபடியே நின்றார், மூடவே இல்லை.

என் தம்பி ஸ்ரீஜித்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கேகோட்டையில் மொபைல் கடை வைத்திருக்கிறான். அம்மா அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருத்தன்தான். பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் வருமே, பொங்கல்படி, அதை ஒரு வருஷமும் அவன் தவறவிட்டதில்லை. ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நடந்து வருவான். கரும்பு, மஞ்சள் குலை, பச்சரிசி, வெல்லம், புடவை, கவரில் பணம். நான் வாசலில் நின்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுவேன். ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்தபோதும், "இதும் படிதான்னு வச்சுக்கோ அக்கா. நீ தொடங்கு, நான் இருக்கேன்" என்றான். அதைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். வீட்டுக்காரரிடம் அதிகமாகவே சொன்னேன்.

அவர் சர்ட்டிபிகேட் தராததால் வேறு யாருடையதாவது செல்லுமா என்று விசாரிக்கச் சிட்டி ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் ஷிஜா இருந்தாள். என் கிளாசுக்குக் கொஞ்ச நாள் வந்த பெண், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள்.

"வேற ஆளு கிடைச்சா கொண்டு வாங்கோ சேச்சி. ஸாரோடது பற்றில்ல, செல்லாது. அந்த ஸ்ரீஜித்தோட சிட்டி முடங்கிக் கிடக்குதல்லோ, அதுக்கு ஸார்தானே ஜாமீன். நிலுவை தீராமல் ஸாரோட சர்ட்டிபிகேட்டை இனி எடுக்க மாட்டாங்க." என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "பாவம், ஸார் மாசாமாசம் இங்க வந்து கொஞ்சம் கொஞ்சமா கட்டுறார். சேச்சிக்கு அறியாமில்லே?"

தெரியும் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய? வெளியே வந்து வெயிலில் நின்றேன். எந்த பஸ் ஏற வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். "ஸ்ரீஜித்துக்கு ஜாமீன் நின்னீங்களா?"

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? நின்னீங்களா?"

"கடையைப் பெரிசாக்கணும்னு வந்து நின்னான். அக்காகிட்ட சொல்லாண்டாம் அத்தான், அவ பயந்திருவாங்கிறான். நானும் சரின்னேன். முதல்ல ஒழுங்காத்தான் கட்டினான். பிறகு ஆபீசுக்கு நோட்டீஸ் வந்துது."

"அப்போவாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ அவன் கடைக்குப் போய்ச் சண்டை போடுவே. அதோட அவன் வரத்து நின்னிரும்." தரையைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தத் தாம்பாளம் தெருவுல வரும்போது உன் மூஞ்சியை நீ பார்த்ததில்ல நீலா. நான் வருஷாவருஷம் பாக்கேன். வருஷத்துல ஒரு நாள். அதை எதுக்குக் கெடுக்கணும்?"

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. "அவன் எப்போ சிட்டிப் பணம் வாங்கினான்?"

"போன சித்திரையில."

"எனக்கு ஹால் அட்வான்ஸ் கொடுத்ததும் சித்திரையிலதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்கும் தெரியாது. எல்லாம் கடைக்குப் போனதென்றே நினைத்திருக்கிறார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். அவர் தலையில் கடனை ஏற்றி, அதிலிருந்து ஒரு கை அள்ளி எனக்குச் சீராகத் தந்திருக்கிறான். அந்தச் சீரைச் சொல்லித்தான் இத்தனை நாளாக நான் இவர் வாயை அடைத்தேன்.

"அப்போ உன் சைக்கிள் கடையில நானும் பைசா போட்டிருக்கேன்னு சொல்லு" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மறுநாள் ஸ்ரீஜித்தின் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து ஸ்டூல் போட்டான். லைம் ஜூஸ் வரவழைத்தான். நான் தொடவில்லை. நேராகக் கேட்டதும் அவன் முகம் சின்னப் பையன் முகமாக மாறியது. எல்லாரும் ஆன்லைனில் வாங்குகிறார்களாம், வியாபாரம் படுத்துவிட்டதாம்.

"அதை அத்தான்கிட்ட சொல்லியிருக்கலாமே. எனக்கு எதுக்குடா ஒரு லட்சம் தந்தே?"

"நீ ஆசைப்பட்டே அக்கா. எனக்கு வேற எப்படித் தர முடியும்?"

அதைக் கேட்டதும் கோபம் பாதி கரைந்துவிட்டது. அதுதான் என் பலவீனம், அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் நான் விடவில்லை. "இந்தப் பொங்கலுக்கு எனக்குப் படி வேண்டாம். கரும்பும் வேண்டாம், புடவையும் வேண்டாம். நிலுவையைக் கட்டிட்டு அந்த ரசீதைத் தாம்பாளத்துல வச்சுக் கொண்டு வா. அதுதான் எனக்குப் படி. அது வந்தா அத்தான் எனக்கு ஜாமீன் நிப்பாங்க, சைக்கிள் தங்கும். வரலேன்னா என் கடை போச்சு. புரியுதா?"

"சரியாக்கலாம் அக்கா. அம்மையாணை கட்டிருவேன். ஸ்டாக்கைத் தள்ளி விட்டாவது கட்டிருவேன்." என் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா பெயரைச் சொன்ன பிறகு சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை.

அவனை மட்டும் நம்பி உட்காரவில்லை. கிளாசுக்கு வரும் பெண்களின் வீட்டுக்காரர்களில் உத்தியோகஸ்தர் நாலைந்து பேர் உண்டு, கேட்டுப் பார்த்தேன். ஜாமீன் என்ற சொல் காதில் விழுந்ததும் தெருவில் என்னைப் பார்த்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். ஹால் அட்வான்ஸைத் திருப்பி வாங்கி நிலுவையில் போடலாம் என்றும் யோசித்தேன். வாங்கினால் ஹால் போகும், வாங்காவிட்டால் சைக்கிள் போகும். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

ஆனால் பெண்களிடம் மட்டும், "பொங்கலுக்குப் பிறகு சைக்கிள் எல்லாம் நம்மளது" என்று சொல்லிவைத்தேன். டீச்சர் தன் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினார். இது எனக்கு, யாரும் ஏறப்படாது என்று மற்றவர்களை மிரட்டினார். அந்த நாட்களில் நான் மிதித்த மிதி இருக்கிறதே, அந்த சைக்கிளுக்கு நகரத் தெரிந்திருந்தால் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்திருப்பேன். வீட்டுக்காரரும் கிண்டலை நிறுத்தவில்லை, ஆனால் குரல் வேறாக இருந்தது. "பொங்கல் முடியட்டும், உன் சைக்கிளை நகர்த்திக் காட்டுகேன் பாரு" என்றார். அவரும் ஸ்ரீஜித்தை நம்பினார்.

பொங்கலன்று பால் பொங்கியதும் வாசலுக்கு வந்துவிட்டேன். தெருவில் கோலம் காய்ந்து வெளுக்கத் தொடங்கிய நேரத்தில் முனையில் ஆட்டோ நின்றது. ஸ்ரீஜித் இறங்கினான். பின்னாலேயே இன்னொரு ஆள் கரும்புக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். தாம்பாளத்தில் வெண்கலப்பானை இருந்தது. அதன் மேல் பட்டுப்புடவை. எந்த வருஷத்தையும் விடப் பெரிய படி. வழக்கம்போல வாசல்கள் திறந்தன. "நீலாவுக்குப் படி வந்தாச்சு" என்று எதிர்வீட்டு மாமி சத்தம் போட்டுச் சொன்னாள்.

தாம்பாளத்தை என் முன்னால் நீட்டினான். நான் வாங்கவில்லை. வெற்றிலைக்கு அடியில் பார்த்தேன், புடவை மடிப்பில் பார்த்தேன், பானைக்குள் கையை விட்டும் பார்த்தேன். வெல்லம்தான் இருந்தது.

"ரசீது எங்க?"

"அக்கா, உள்ள போய்ப் பேசலாம். எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். எங்கடா ரசீது?"

"இந்த மாசம் ஒத்து வரலை அக்கா. அடுத்த மாசம் கண்டிப்பா... அதுக்காக உன்னை வெறுங்கையோட விட முடியுமா? தெருவுல உனக்கு ஒரு மரியாதை இருக்கில்லா? கடன் வாங்கித்தான் கொண்டு வந்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மனசாரத்தான் கொண்டுவந்திருக்கிறான். என் கடை மூழ்கினாலும் தெருவில் என் மானம் மூழ்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான். அப்படி அவனை நினைக்க வைத்தது வருஷாவருஷம் இந்த வாசலில் நான் போட்ட ஆட்டம்தான்.

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் வந்தார். நிலைமையைப் பார்த்ததும், "வா மாப்ளே, உள்ள வா. நீலா, தாம்பாளத்தை வாங்கு" என்றார். அப்போதும் அவர் என் முகத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"வாங்க மாட்டேன்" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "ஸ்ரீஜித், இதைக் கொண்டு போ. புடவையைக் கடையில திருப்பிக் கொடு, பானையைத் திருப்பிக் கொடு. கிடைக்கிறதைச் சிட்டியில கட்டு. ரசீதோட வா. அன்னைக்கு உனக்கு இலை போடுகேன்."

அவன் கண் நிறைந்துவிட்டது. தாம்பாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினான். சீர் கொண்டு வந்தவன் சீரோடு திரும்பிப் போவதை அந்தத் தெரு பார்த்ததில்லை. கரும்புத் தோகை தரையில் உரசிக்கொண்டே போனது. நான் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பொங்கல் அடிப்பிடித்த வாசனை வந்தது, எழுந்து இறக்கத் தோன்றவில்லை.

மறுநாள் சுதீஷ் டெம்போவோடு வந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, சொன்ன நாள்வரை காத்திருந்தான். வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அந்தப் படியில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஹாலைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். "இவ்வளவு பெரிசா இருக்கும்னு நினைக்கலை" என்றார். பிறகு சுதீஷ் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிடித்து எட்டையும் இறக்கினார்கள். டீச்சரின் ரிப்பனை நான் அவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

இனி ஹால் எதற்கு? அட்வான்ஸைத் திருப்பி வாங்கி அவர் கழுத்தில் கிடக்கும் நிலுவையில் போட வேண்டியதுதான். எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும்.

டெம்போ கிளம்பியது. சைக்கிள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு குலுங்கின. வீட்டுக்காரர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் ஏதாவது சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தேன், எவ்வளவு மோசமான கிண்டலாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. நானே சொன்னேன்.

"பார்த்தீங்களா? நகராது நகராதுன்னு சொன்னீங்களே, நகருது பாருங்க."

அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நடுத்தெருவில், எல்லா வாசலும் திறந்திருக்க, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அழுதார்.